பெட்டி பேசாத நாள்

மேஸ்திரி வீட்டை விட்டுக் கிளம்புவதென்றால், சட்டையை மாட்டினோம் செருப்பைப் போட்டோம் என்று கிளம்புகிற காரியமில்லை. முதலில் அவரை வீட்டு மெஷினிலிருந்து கழற்ற வேண்டும். கூடத்தின் மூலையில் நாள் முழுக்க உறுமிக்கொண்டு நிற்கும் அந்த மெஷின், அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, நீளமான ஒரு குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குழாய் எட்டுகிற தூரம்தான் அவருக்கு வீடு. குளியலறை வரை எட்டும், சமையலறை வாசல் வரை எட்டும். பால்கனியில் ஒரு காலை வைக்கலாம், இன்னொரு காலை வைக்க முடியாது. அவர் மனைவி தரையைப் பார்க்காமலேயே குழாயைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகியிருந்தாள். விருந்தாளிகள்தான் தடுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து அவரிடமே மன்னிப்பும் கேட்டார்கள்.

வெளியே போக இன்னொரு மெஷின் இருந்தது. அதைப் பெட்டி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தோளில் தொங்கும் பைக்குள் அடங்குகிற பெட்டி. வீட்டு மெஷின் நிற்காமல் ஊதும். பெட்டிக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது. அவர் மூச்சை உள்ளே இழுக்கிற சமயம் பார்த்து ஒரு தடவை 'புஸ்' என்று விடும், அவர் மூச்சை வெளியே விடும்போது சும்மா இருக்கும். இப்படிச் சிக்கனமாக இருப்பதால்தான் அதன் பேட்டரி ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தாங்கியது. மெதுவாக மூச்சு விட்டால் மெதுவாகப் புஸ், வேகமாக விட்டால் வேகமாகப் புஸ். உட்கார்ந்திருக்கும்போது இரண்டாம் நம்பரில் வைக்க வேண்டும், நடக்கும்போது மூன்றாம் நம்பரில். படியேறுவதற்கு நம்பரே கிடையாது, படி இருக்கிற வீடுகளுக்கு அவர் போவதில்லை.

குழாய் காதுக்குப் பின்னால் அறுக்காமல் இருக்கப் பஞ்சு, மூக்கு காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பசையில்லாத களிம்பு, மாற்றுப் பேட்டரி, சார்ஜர், விரல் நுனியில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்து அனுப்புவாள் மனைவி. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் பிள்ளையைக் கிளப்புகிறவள் மாதிரி வாசல் வரை வந்து நிற்பாள். அது மேஸ்திரிக்குப் பிடிக்காது. ஆனால் அவள் நிற்காத நாளில் திரும்பிப் பார்ப்பார்.

வாலிபத்திலிருந்து கல் மெருகுப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். தரைக்கும் சமையல் மேடைக்கும் போடுகிற கல்லைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்குவார். அவர் கையில் தேய்ந்த கல்லில் குனிந்து மீசையை முறுக்கிக்கொண்ட முதலாளிகள் உண்டு. கல் பளபளக்கப் பளபளக்க அதன் தூசியெல்லாம் அவர் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் டாக்டர். மீதிக்குத்தான் இந்தப் பெட்டி.

மூச்சு வாங்குவதைக்கூட மேஸ்திரி சகித்துக்கொண்டார். சகிக்க முடியாதது மனிதர்கள்தான். பஸ்ஸில் ஏறினால் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்து, அவரை எந்த இடத்தில் உட்கார்வது என்று திணறவைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அவரிடம் பேசும்போது கத்திப் பேசினார். மூக்கில் குழாய் இருந்தால் காது கேட்காது என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர் இவரை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டே இவர் மனைவியிடம், "அவருக்கு இப்ப பரவாயில்லயா?" என்று விசாரித்தார். வீட்டு வாடகைப் பேச்சிலிருந்து பேத்தியின் பரீட்சை மார்க் வரைக்கும் கெட்ட சேதி எதுவும் அவர் காதுக்கு வராமல் மகள் பார்த்துக்கொண்டாள். அவரிடம் யாரும் சண்டை போடுவதில்லை. ஒரு மனுஷனோடு சண்டை போடுவதை ஊரே நிறுத்திவிட்டால் அவன் பாதி செத்தவன் என்று அவருக்குத் தோன்றியது.

பாதி சாகாமல் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது ஒரு சீட்டு மேசை.

கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருடைய நண்பரை எல்லாரும் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். கடைக்குப் பின்னால், கண் பரிசோதனை செய்கிற அறையில், வாரத்தில் இரண்டு மாலை நான்கு பேர் கூடி ரம்மி ஆடுவார்கள். மேஸ்திரி, கண்ணாடி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், கடிதம் கொடுத்துக் கால் தேய்ந்த தபால். இந்த நாலு பேரும் மீசை அரும்பிய காலத்திலிருந்து கூட்டாளிகள். காசு வைத்து ஆடுவதில்லை. ஒரே ஒரு பந்தயம்தான்: அன்றைக்குக் கடைசியில் தோற்கிறவன் எல்லாருடைய டீ டம்ளரையும் கழுவி வைக்க வேண்டும். வாஷ்பேசின் முன்னால் நிற்கிறவனை மற்ற மூவரும் வாய்க்கு வந்தபடி கேலி பண்ணுவார்கள். "அடியில நல்லாத் தேய்டா", "சோப்புப் போட்டியா, பாட்டுப் பாடினியா" என்று எதுவும் சொல்லலாம். அதற்குக் கோபப்படக் கூடாது.

அங்கே மேஸ்திரி நோயாளியில்லை. ஆக்ஸிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் கண்ணாடி ஸ்டவ்வைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சாரக் கெட்டில் வாங்கினார். டிரைவர் சிகரெட்டைத் தெருவுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தார். இதையெல்லாம் அவர்கள் ஒரு பேச்சில்லாமல் செய்துவிட்டு, அதே வாயால் "உன் இளையதாரம் ஓவரா மூச்சு வாங்குறாடா" என்று பெட்டியைக் கிண்டல் பண்ணினார்கள். அந்தக் கிண்டலைக் கேட்கும்போது மேஸ்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அறையில் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் வாங்குகிறவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடி. ஆட்டம் தொடங்குமுன் கடைக்காரரே எழுந்து போய் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். "அடுத்தவன் சீட்டு தெரிஞ்சிட்டா ஆட்டத்துக்கு என்னடா மரியாதை?" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இதிலே சொல்ல வேண்டிய அதிசயம் ஒன்று இருக்கிறது. பெட்டி வந்த புதிதில் ஒரு வாரம் மேஸ்திரி தோற்றார், டம்ளர் கழுவினார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு தடவைகூட அவர் டம்ளர் கழுவவில்லை. அவரைப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சீட்டுத் தானாகக் கீழே வந்து விழுந்தது. உடம்பு ஓய்ந்தால் மூளை கூர்மையாகும் போலிருக்கிறது என்று அவரே ஒரு கொள்கை கண்டுபிடித்து, மனைவியிடம் சொன்னார், மகளிடம் போனில் சொன்னார், மாதா மாதம் பார்க்கிற டாக்டரிடமும் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தார். ஜெயித்துவிட்டு வருகிற மாலைகளில் அவர் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார்.

இப்படிக் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தபோதுதான் பெட்டி மக்கர் பண்ணியது. சிவப்பு விளக்கு எரிந்து, கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்க எடுத்துப் போனவர்கள், திரும்பி வருகிற வரைக்கும் வைத்துக்கொள்ளச் சின்ன இரும்புச் சிலிண்டர் ஒன்றைச் சக்கர வண்டியில் கட்டிக் கொடுத்தார்கள். சிலிண்டருக்குப் பார்த்துப் பார்த்து விடத் தெரியாது. திறந்துவிட்டால் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் ஒரே சீராக, மெல்லிய இரைச்சலோடு வந்துகொண்டே இருக்கும். மனைவி போக வேண்டாம் என்றாள். சீட்டாட்டத்துக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனார் மேஸ்திரி.

அன்றைக்கு அவருக்கு நல்ல சீட்டு. கையில் கிளாவர் ஏழும் ஒன்பதும் இருந்தன, எட்டு ஒன்று வந்தால் போதும். கட்டிலிருந்து எடுக்காவிட்டால், வரிசைப்படி கண்ணாடி போடுகிற சீட்டைத்தான் மேஸ்திரி எடுக்கலாம். முன்பெல்லாம் அந்த இடத்தில் தபால் உட்காருவார். பெட்டி வந்த பிறகு, சார்ஜர் குத்துகிற ப்ளக் அந்தப் பக்கம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடி இடம் மாறிக்கொண்டார்.

கண்ணாடி ஒரு சீட்டை உருவி, அதன் முகம் தெரிய மேசைக்கு மேலே பிடித்து, ஒரு கணம் நிறுத்தினார். கிளாவர் எட்டு. மேஸ்திரிக்கு நெஞ்சு துள்ளியது. கண்ணாடி கீழே போடவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறவர் மாதிரி இருந்துவிட்டு, சீட்டைத் திரும்பக் கையில் செருகிக்கொண்டு வேறொன்றை உருவினார். அதையும் நிறுத்தினார். அதையும் எடுத்துவிட்டார். கடைசியில் என்னவோ ஒன்றை அரைமனதாகப் போட்டார். அது மேஸ்திரிக்கு ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

சீட்டை இப்படி நிறுத்தி நிறுத்திப் போடுவது கண்ணாடியின் பழக்கம்தான். வயசாகிறது, யோசிக்க நேரமாகிறது என்று மேஸ்திரி நினைத்திருந்தார். ஆனால் இன்றைக்குக் கண்ணாடியின் கண் சீட்டில் இல்லை, சிலிண்டர்மேல் இருந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே பேச்சுச் சத்தம் வருகிறதா என்று கேட்கிறவன் முகம் அது. மறு சுற்றிலும் அப்படியே. டிரைவரும் தபாலும்கூட ஆட்டத்தில் ஒட்டாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி தோற்றார். மறுபடி சீட்டுக் கலைத்தார்கள், மறுபடி தோற்றார். ஒருவேளை என் சீட்டு எவனுக்காவது தெரிகிறதா என்று முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் பார்க்கிற கண்ணாடிமேல் துண்டு ஒழுங்காகத்தான் தொங்கியது.

மூன்றாவது ஆட்டத்தில் கண்ணாடி ஆர்ட்டின் ராணியைத் தூக்கி நிறுத்தியபோது, மேஸ்திரிக்குச் சம்பந்தமே இல்லாமல் அந்த அறையின் இன்னொரு மூலையில் இருந்த நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. கண் பரிசோதனை நாற்காலி. அதில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, கண்ணாடி ஒவ்வொரு லென்ஸ் சில்லாகப் போட்டு எடுப்பார். "இதுல தெளிவா தெரியுதா? இல்ல, இதுலயா?" என்று கேட்பார். பதில் சரியாக வருகிற வரைக்கும் மாற்றி மாற்றிப் போடுவார். அந்தக் கை அதே கைதான். இந்தச் சீட்டு வேண்டுமா, இல்லை, இதுவா? அப்படியென்றால் இத்தனை நாள் பதில் சொன்னது யார்?

தபால் பாவம், வெளுத்ததெல்லாம் பால் என்று இருக்கிற மனுஷன். பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்துவிட்டார். "பெட்டி எப்படா திரும்பி வரும்? அது பேசாம எங்களுக்கு ஒண்ணுமே புரியல."

டிரைவர் மேசைக்கு அடியில் தபாலை ஓங்கி ஒரு உதை விட்டார். உதை குறி தவறிச் சிலிண்டரில் பட்டது. 'டங்' என்று கோயில் மணி மாதிரி அது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிடித்த சீட்டைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு ஒரு துளி முந்திக்கொள்ளும். மூச்சு முந்தினால் பெட்டி முந்திப் புஸ் என்னும். கண்ணாடி சீட்டைத் தூக்கி நிறுத்துவார், பெட்டி 'ஆமாம்' என்று சொல்லும், சீட்டுக் கீழே விழும். மேஸ்திரி அதை அள்ளிக்கொண்டு, தன் மூளையின் கூர்மையை நினைத்து மீசைக்குள் சிரித்துக்கொள்வார். மற்ற மூவரும் மாறி மாறித் தோற்று, மாறி மாறி டம்ளர் கழுவுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக நடந்த நாடகம் இது. நாடகம் என்று தெரியாமல் கதாநாயகனாக நடித்தவர் அவர் ஒருவர்தான். ஜெயித்த ஒவ்வொரு ஆட்டமும் நினைவில் வந்து அவர் முகத்தில் கரியைப் பூசியது.

தோற்றவன் டம்ளர் கழுவ வேண்டும், அதனால் அவர் எழுந்து டம்ளர்களைச் சேர்த்தார். கண்ணாடி பதறிப்போய் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "சிலிண்டர இழுத்துக்கிட்டு எங்கடா கழுவப் போற, உக்காரு" என்றார். அந்தக் குரலை மேஸ்திரிக்குத் தெரியும். பஸ்ஸில் இடம் கொடுக்கிறவர்களின் குரல், எதிர்வீட்டுக்காரரின் குரல். இத்தனை நாள் இந்த அறைக்குள் அது இல்லை என்று நம்பியிருந்தார். இருந்திருக்கிறது, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வீட்டு மெஷினுக்கு மாறி உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னார். கூட்டாளிகள் என்று நம்பினேன், கழுத்தறுத்துவிட்டார்கள் என்றார். அவள் சேர்ந்து கொதிப்பாள், 'அட பாவிகளா' என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்து அதன் கையை நீவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

முதல் வாரம் தோற்றுவிட்டு வந்த நாட்களில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம், தட்டைத் தள்ளிவிட்டாராம். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி மாற்றப் போனபோது கண்ணாடியிடம் புலம்பியிருக்கிறாள். அப்போது பேச்சுவாக்கில் சொன்னது அது. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று இப்போதெல்லாம் வாய் சொல்வதில்லை, பெட்டிதான் சொல்கிறது என்று. பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்தால் அவருக்குக் கோபம் வருவதும், மகளிடம் போனில் 'நல்லா இருக்கேன்' என்று பொய் சொல்வதும், கடைத்தெருவில் பழைய பட்டறைப் பக்கம் போகும்போது நெஞ்சடைப்பதும் அவளுக்குப் பெட்டியின் சத்தத்திலேயே தெரியும்.

"வெளிய போனா உங்க முகத்தப் பாக்குறதே இல்லீங்க. அதத்தான் கேட்டுக்கிட்டு வருவேன்" என்றாள். "நீங்க நாலு வாய் சாப்பிட்டா போதும்னு இருந்துச்சு. தப்புன்னு தெரியல."

மேஸ்திரி கோபப்பட்டு எழுந்து வேறு அறைக்குப் போகலாம் என்றால் குழாய் அதற்கு மேல் எட்டாது. அதனால் அங்கேயே உட்கார்ந்து கோபப்பட்டார். சட்டைப்பையில் இருந்ததைப் பிடுங்கிப் படித்தால்கூடத் தாங்கியிருப்பார். அவருடைய மூச்சை ஆளாளுக்கு எடுத்துப் படித்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் அது தெரியாது.

பெட்டி பழுது நீங்கித் திரும்பி வந்தது. மேஸ்திரி அதை மாட்டிக்கொண்டு ஒரு பழைய சீட்டுக்கட்டோடு பால்கனியில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். ராணி வந்தால் கல் மாதிரி இருக்கப் பழகினார். ஒன்றுக்கும் உதவாத மூன்று வந்தால் படக்கென்று மூச்சை இழுத்தார். புஸ். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாகக்கூட நின்றதில்லை அவர். இப்போது மூக்கால் நடிக்கக் கற்றுக்கொண்டார். மனைவி பால்கனி வாசலில் நின்று அந்தத் தாறுமாறான புஸ் புஸ்ஸைக் கேட்டாள். அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

ஆட்ட நாளில், ஒன்றும் நடக்காதது மாதிரி போய் உட்கார்ந்தார். மூவர் முகத்திலும் அப்பாடா என்று ஒரு நிம்மதி. டிரைவர், "இளையதாரம் பொறந்த வீட்டுலேருந்து வந்துட்டாளா" என்று கேட்டார். கண்ணாடி போய்த் துண்டைப் போட்டு மூடிவிட்டு வந்தார். ஆனால் மரியாதையைப் பற்றிய வசனத்தை அன்றைக்குச் சொல்லவில்லை.

கண்ணாடி ஒரு சீட்டைத் தூக்கி நிறுத்தினார். மேஸ்திரிக்கு வேண்டவே வேண்டாத சீட்டு. படக்கென்று மூச்சை இழுத்தார். புஸ். சீட்டு உடனே கீழே விழுந்தது. மேஸ்திரி அதை நன்றியோடு எடுத்துக்கொண்டு, கையிலிருந்த நல்ல ஜோடியை உடைத்துப் போட்டார். அடுத்த சுற்றில் அவருக்கு உயிரான சீட்டு வந்து மேசைக்கு மேலே நின்றது. மேஸ்திரி சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டார். சீட்டுத் திரும்பிப் போய்விட்டது. இப்படியே குப்பையாகச் சேர்த்துச் சேர்த்து, அந்த அறையில் அதுவரை யாரும் தோற்காத அளவுக்குத் தோற்றார். கடைசிக் கையை விரித்து வைத்தபோது அதில் ஒரு ஜோடிகூட இல்லை.

மூவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரி எழுந்து டம்ளர்களைச் சேர்த்தார். இந்தத் தடவை கண்ணாடி கையை நீட்டியபோது, "தொட்டா கைய ஒடிப்பேன்" என்றார். பெட்டியை மூன்றாம் நம்பருக்கு மாற்றிக்கொண்டு வாஷ்பேசின் வரை நடந்தார். ஒரு டம்ளரைக் கழுவிவிட்டுப் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவதைக் கழுவினார், மறுபடி நின்றார். கை உயர்த்தி வேலை செய்தால் அவருக்கு மூச்சு முட்டும். பெட்டி புஸ் புஸ்ஸென்று ஓயாமல் அடித்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு கேலி வரும் என்று காத்திருந்தார். அடியில் தேய்டா என்று எவனாவது ஒருவன் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாவற்றையும் மன்னித்திருப்பார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கண்ணாடிதான் கேட்டார். "ஏன்டா வேணும்னே தோத்த?"

மேஸ்திரிக்கு ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் வராது. துண்டு துண்டாகச் சொன்னார். "நீ ஒரு வருஷமா எனக்குச் செஞ்சத... நான் ஒரு நாள் உனக்குச் செஞ்சேன்... எப்படிடா இருக்கு?"

கண்ணாடி மேசையைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். முதல் வாரத்தில் டம்ளர் கழுவிவிட்டு அவர் மூச்சு வாங்கியதைப் பார்க்க முடியவில்லையாம். கழுவ வேண்டாம் என்று சொன்னால் ரோஷப்படுவார், அதனால் தோற்காமல் பார்த்துக்கொண்டார்களாம். ஜெயித்தால் அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்த பிறகு நிறுத்தவும் மனசு வரவில்லையாம். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார் டிரைவர். தபால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"கழுவ முடியலன்னா... முடியலன்னு நான் சொல்லணும்" என்றார் மேஸ்திரி. "ஊரே என்னை நோயாளியா பாக்குது. நீ ஒருத்தன் பாக்கலன்னு... நெனச்சுக்கிட்டிருந்தேன்டா."

பிறகு மேஸ்திரி, கடைசியாக ஒரு ஆட்டம் ஆடலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். மூலையில் கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. தண்ணீர் விட்டுத் தேய்ப்பது, மூடி போட்டது, தூசி வராது. அதை ஓட்டிவிடச் சொன்னார். கண்ணாடி எழுந்து சுவிட்சைப் போட்டார். கர்ரென்று அறை முழுக்க இரைச்சல் பரவியது. காலமெல்லாம் கல் தேய்த்த காதுக்கு அது பழகிய சத்தம். அதற்குள் பெட்டியின் புஸ் புஸ் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மேஸ்திரிக்கே கேட்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு தன் மூச்சுத் தனக்கு மட்டும் சொந்தமானது போல இருந்தது.

ஆடினார்கள். யாரும் பேசவில்லை, பேசினாலும் கேட்காது. கண்ணாடி இப்போது சீட்டை நிறுத்தவில்லை, உருவிய வேகத்தில் அறைந்து போட்டார். மேஸ்திரி நிதானமாக ஆடினார். ஒரு சீட்டை விட்டார், ஒன்றைப் பிடித்தார், ஜோக்கரைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். கட்டிலிருந்து எடுத்த ஒரு டைமன் ஆறு எல்லாவற்றையும் கோத்துவிட்டது. கையை விரித்து மேசைமேல் வைத்தார். சுத்தமான கை, ஒரு குறை சொல்ல முடியாது.

ஜெயித்துவிட்டார். வழக்கமாக வருகிற சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், தபாலைப் பார்த்தார். டிரைவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தபாலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் தட்டினார். கண்ணாடி மேசைக்கு மேலே குனிந்து, இரைச்சலை மீறிக் கத்தினார்.

"இது நெசம்டா. எம் பிள்ளைங்க மேல சத்தியமா நெசம்."

முன்பென்றால் அந்த முகமே போதும், சத்தியம் தேவையில்லை. இப்போது அதே முகத்தை மேஸ்திரி எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் முழுக்கத் தோற்றபோதும் இந்த முகம் இப்படித்தான் இருந்தது. இனிமேல் இந்த மேசையில் அவர் எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் அது யாருடைய ஜெயம் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஒன்றைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க அவர்களாலேயே முடியாது.

அவர் எழுந்து போய்த் தேய்க்கிற மெஷினை நிறுத்தினார். இரைச்சல் அடங்கியதும் அறையில் பெட்டி மட்டும் புஸ் புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொண்டது. அவர் எவ்வளவு நம்ப ஆசைப்படுகிறார் என்பதை அது மூன்று பேருக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டது. மேஸ்திரி திரும்பி வந்து, கண்ணாடியின் பக்கம் சாய்ந்து, நண்பரின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.